சாயமிடாமற் காணும் உயிர்க்கலம்

'புற்றுநோய்' என்னும் சொல்லை நம்மவர் வீடுகளில் உரத்து உச்சரிப்போர் அரிது. 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திக் கூறிவிட்டுப் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறோம். ஆயின் நாம் வாழும் இந்தச் சுவிற்சர்லாந்து நாட்டின் வைத்தியசாலைகளில் வைத்தியர் நோயாளியிடம் ஒளிவுமறைவின்றியே பேசுகிறார். மொழி விளங்காத தாய்க்கோ தந்தைக்கோ அருகில் அமர்ந்து அதனைத் தமிழாக்கிச் சொல்லும் பொறுப்போ, பலவேளைகளில், பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. "இழையத்தில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பார்களாம்" என்று அப்பிள்ளை சொல்லவேண்டியிருக்கிறது. அந்தத் துண்டை எடுத்து என்ன செய்கிறார்கள், அதில் எதனைத் தேடுகிறார்கள் என்பன பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒருங்கே தெரிந்திருந்தால் அந்தச் சில நிமிடங்களின் பாரம் சற்றேனும் குறையும். அவ்வெண்ணத்துடனேயே, புற்றுநோய்க் கலங்களை அவை உயிரோடிருக்கும்போதே, சாயம் எதுவும் இடாது, ஒளியின் துணைகொண்டு மட்டும் காணும் முறைகளைப் பற்றி இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு சொல். உங்கள் பாடசாலையில் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ 'செல்' என்னும் ஒலியோடு நீங்கள் கற்பதனை நாம் கற்ற பாடநூல்கள் 'கலம்' என்றன. தமிழகத்தார் 'உயிரணு' என்பர். கலம் என்பதற்குப் பாத்திரம் என்ற பொருளும் உண்டு. நீரும் புரதமும் கொழுப்பும் நிறைந்த மிகச் சிறிய பாத்திரம் என்றே மாணவர்கள் அதனை மனத்திற் கொள்ளலாம். மனித உடலின் கலமொன்று பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு முதல் ஐம்பதிலொரு பங்கு வரை அகலமுடையது. கலங்கள் ஒன்றுசேர்ந்தமைவது இழையம்.

வைத்தியசாலையில் எடுக்கப்பட்ட இழையத்துண்டு போமலின் கரைசலில் இடப்படுகிறது. பின்னர் அற்ககோலினால் அதன் நீர் நீக்கப்பட்டு, அது மெழுகிற் பதிக்கப்பட்டு, தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கும் வராத மெல்லிய சீவல்களாக வெட்டப்படுகிறது. நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து பெறும் ஹேமற்றொக்சிலின் என்னும் சாயம் கலத்தின் கருவை நீலமாக்கும். இயோசின் என்னும் சாயம் ஏனைய பகுதியைச் செம்மையாக்கும். இவற்றை நுணுக்குக்காட்டியில் நோக்கும் நோயியல் வல்லுநர், கருக்கள் பருத்துள்ளனவா, வடிவங் கெட்டுள்ளனவா, பிரிந்துகொண்டிருந்த கலங்கள் எத்தனை என்றெல்லாம் ஆராய்ந்து தீர்ப்புக் கூறுகிறார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயின்று வரும் இம்முறையே இன்றும் புற்றுநோயை உறுதிசெய்யும் அடிப்படையாக உள்ளது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று.

ஆனால் அந்த வல்லுநர் பார்ப்பது இறந்த கலத்தை. போமலினில் இட்ட கணத்தோடு அதன் ஓட்டமும் வளர்ச்சியும் முடிந்துபோயின. கிளித்தட்டு விளையாட்டின் நடுவே எடுத்த ஒரேயொரு புகைப்படத்தைக் காட்டி, எந்தக் கட்சி வென்றது என்று கேட்டால் எவரால் விடை கூற முடியும்? ஆட்களை எண்ணலாம், யார் எங்கு நின்றார் என்று சொல்லலாம், அடுத்த கணம் யார் எப்பக்கம் பாய்ந்தார் என்பதைப் படம் சொல்லாது. புற்றுநோயோ பாய்ச்சலால் ஆன நோய். கலம் கட்டுப்பாடின்றிப் பிரிகிறது, இடம்விட்டு இடம் ஊர்கிறது, மருந்துக்குத் தப்புகிறது. இவற்றுள் எதனையும் பிணத்திடம் கேட்டறிய இயலாது.

உயிருள்ள கலத்திற்கே சாயமிட்டால் என்ன என்று நீங்கள் வினவலாம். அதுவும் செய்யப்பட்டே வருகிறது. யப்பானியரான ஒசாமு சிமோமுரா கடல்வாழ் இழுதுமீன் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து 1962இல் அறிவித்த பச்சை ஒளிர்புரதம் இன்று ஆய்வுகூடங்கள் எங்கும் பயன்படுகிறது. 2008இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அப்புரதத்தைக் கலத்தினுள் ஆக்கச் செய்து ஒளி பாய்ச்சினால் வேண்டிய உறுப்பு மட்டும் பச்சையாக ஒளிரும். எனினும் ஒளிர்பொருளை ஒளிரச்செய்யப் பாய்ச்சும் வலிய ஒளி கலத்தைக் காயப்படுத்துகிறது. சில மணி நேரத்தில் ஒளிர்பொருளும் மங்கிவிடுகிறது. அன்றியும், ஒரு மூலக்கூறின் முதுகிற் பாரமேற்றிவிட்டு அதன் இயல்பான நடையைக் காண்கிறோம் என்று எங்ஙனம் சொல்வது?

சாயமில்லாமற் பார்ப்பதில் உள்ள இடர்ப்பாடு யாது? கலம் கண்ணாடி போன்றது. அது ஒளியை ஏறத்தாழ உறிஞ்சுவதேயில்லை. ஆதலால் சாதாரண நுணுக்குக்காட்டியில் நீரில் மிதக்கும் நீர்த்துளியாகவே தோன்றும். இதனை விளங்கிக்கொள்ள வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து, ஒரு கரண்டி சீனியை மெல்ல இட்டு, கலக்காமல் வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். சீனிக்கு நிறமில்லை, நீருக்கும் நிறமில்லை. ஆயினும் நூல்நூலாக நெளிவுகள் கீழ்நோக்கி வழிவது தெரியும். சீனி செறிந்த இடத்தில் ஒளி சற்று மெதுவாகச் செல்கிறது, வளைகிறது. அந்தத் தாமதமே நெளிவாகத் தெரிகிறது. வெயிலில் தார்வீதியின்மேற் காணும் கானலும் இத்தகையதே.

ஒளி வெற்றிடத்திற் செல்லும் வேகம், ஓர் ஊடகத்திற் செல்லும் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கூறும் எண்ணை முறிவுச்சுட்டி என்போம். நீருக்கு அது 1.33. புரதமும் ஏனைய பொருள்களும் நிறைந்த கலத்திற்கு ஏறத்தாழ 1.37. கலத்தைச் சூழ்ந்த திரவத்திற்கும் கலத்திற்கும் உள்ள வித்தியாசம் 0.03 அளவே. ஐந்து மைக்குரோமீற்றர் தடிப்புள்ள கலமொன்றைக் கடந்துவரும் ஒளி, கலத்திற்கு வெளியே வந்த ஒளியைவிட 0.15 மைக்குரோமீற்றர் பின்தங்கிவிடும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்குரோமீற்றர், எனவே இத்தாமதம் ஓர் அலையின் கால்பங்கிலும் சற்றே அதிகம்.

இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அணிநடை சென்றது பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். ஓர் அணி புற்றரையிலும் மற்றோர் அணி மணலிலும் நடந்தால், மணலில் வந்த அணி கால்மாறி வந்து சேரும். ஆட்களின் தொகை குறையவில்லை. அடி மட்டுமே பிந்தியது. நமது கண் ஆட்களை எண்ணுமேயன்றி அடியைக் கவனியாது. அலையின் இந்த அடிநிலையை அவத்தை என்பர். கலத்தைப் பற்றிய செய்தியெல்லாம் அவத்தையில் இருக்கிறது, கண்ணோ அதற்குக் குருடு.

இந்தக் குருட்டுக்கு மருந்து கண்டவர் நெதர்லாந்தின் கிறோனிங்கன் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் பிறிற்ஸ் சேர்னிக்கே. கலத்தின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி விலகாமல் நேரே செல்லும். ஒரு சிறு பகுதி கலத்தினாற் சிதறி, நேரே சென்ற அலையைவிடக் காலலை பின்தங்கி வரும். காலலை வித்தியாசத்தில் இரு அலைகளும் ஒன்றையொன்று வளர்ப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. ஆகவே படம் மங்கலாகவே இருக்கும். சேர்னிக்கே செய்தது இதுதான்: ஒளியை வளையவடிவிலான துளையினூடு அனுப்பினார், நேரே வரும் ஒளி வில்லையினுள் ஒரு வளையத்தை மட்டும் கடக்குமாறு அமைத்தார், அவ்வளையத்தில் ஒரு தகட்டை வைத்து, அந்த ஒளியை மேலும் காலலை முந்தச் செய்தார், அதன் வலுவையும் சிறிது குறைத்தார். இப்போது வித்தியாசம் அரையலை. ஒன்றின் முடி மற்றதன் தாழியோடு பொருந்தி ஒன்றையொன்று அழிக்க, கலமிருந்த இடம் கருமையாகத் தோன்றியது. தாமதம் நிழலாயிற்று! சாயக்குப்பியைத் திறவாமலே கலத்தின் கருவும், கருவினுள் புன்கருவும், நூல்போன்ற இழைமணிகளும் தெரிந்தன.

இதனை அவர் 1932இல் ஜேர்மனியின் யேனா நகரிலிருந்த புகழ்பெற்ற சைஸ் நிறுவனத்தாரிடம் எடுத்துச்சென்றபோது அவர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. பயனுள்ள பொருளாயின் தாமே முன்னரே கண்டுபிடித்திருப்போம் என்னும் பாங்கில் அவர்களுட் சிலர் பேசினர் எனப் பின்னாளில் சேர்னிக்கே நினைவுகூர்ந்துள்ளார். போருக்கு உதவக்கூடியவை எவையென ஜேர்மன் படையினர் 1941இல் கணக்கெடுத்தபோதுதான் அக்கருவிகள் முதன்முதலாக உற்பத்திக்கு வந்தன. 1953இல் சேர்னிக்கேக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரியோர் சபையில் ஒரு கருத்து எடுபடவில்லை என்பதனால் அது பயனற்றதாகிவிடாது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்வது நன்று. பெற்றோர்களும் குறித்துக்கொள்ளலாம்.

இக்கருவியோடு ஒரு படப்பிடிப்புக் கருவியை இணைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு படமாக எடுத்து, பின் விரைவாக ஓட்டினால் காணக்கிடைப்பதனை ஒருமுறையேனும் நீங்கள் பார்க்கவேண்டும். தட்டில் ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் புற்றுநோய்க் கலத்தின் விளிம்பு சேலைக்கரை காற்றில் அலைவதுபோல் ஓயாது மடிந்து விரிகிறது. கலம் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கி ஊர்கிறது. பின்னர் ஊர்வதை நிறுத்தி, கால்களை உள்ளிழுத்து உருண்டையாகிப் பளிச்சிடுகிறது. நிறமூர்த்தங்கள் நடுவே ஒரு கரிய கோடாக அணிவகுத்து, திடீரென இருபுறமும் இழுபட, இடை ஒடுங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிறது. சிலவேளைகளில் மூன்றாகிறது; அது இயல்பான கலத்திற் காண்பதற்கரிய ஒழுங்கீனம். மருந்து வேலை செய்யும்போது கலம் கொதிக்கும் பாகுபோற் குமிழியிட்டுக் குமிழியிட்டுச் சிதைகிறது. அதுவும் ஓர் ஒழுங்கான இறப்பே. கலத்தினுள்ளேயே எழுதப்பட்டிருக்கும் இறப்பு.

இத்தகைய படப்பிடிப்பு வெறும் வேடிக்கையன்று. கலப்பிரிவைத் தடுக்கும் மருந்துகளை இட்டு, 10,000க்கும் மேற்பட்ட புற்றுநோய்க் கலங்களைத் தனித்தனியே ஒளி நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பின்தொடர்ந்த மஞ்செஸ்ரர் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. ஒரே மருந்து, ஒரே தட்டு, ஒரே வகைக் கலங்கள். ஆயினும் ஒன்று பிரிவின் நடுவே இறந்தது, மற்றது பிரியாமலே நழுவி வெளியேறி உயிர்வாழ்ந்தது. ஒரே தாய்க்கலத்தின் இரு மகட்கலங்களும்கூட ஒரே முடிவை எய்தவில்லை. இறந்த கலங்களை மட்டும் எண்ணியிருந்தால் 'இத்தனை வீதம் இறந்தன' என்பதோடு செய்தி முடிந்திருக்கும். மருந்து ஏன் எல்லாருக்கும் ஒரேவிதமாக வேலை செய்வதில்லை என்று வைத்தியசாலை வாசலில் நாம் கேட்கும் கேள்வியின் வேர் இங்கேயும் உள்ளது.

இக்கலங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆய்வுகூடங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் 'ஹீலா' கலங்கள், அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த ஹென்றியற்றா லக்ஸ் என்னும் கறுப்பினத் தாயின் உடலிலிருந்து, அவரது சம்மதம் கேளாமலே எடுக்கப்பட்டவை. ஐந்து பிள்ளைகளின் தாயாகிய அவர் இறக்கையில் வயது முப்பத்தொன்று. அவருடைய கலங்கள் இன்றும் உலகெங்கும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றால் இலாபமீட்டிய ஒரு நிறுவனத்திற்கு எதிராகக் குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2023இல் இணக்கமாகத் தீர்ந்தது. பெயரிழந்து பொருளாக்கப்படுவதன் வலி அகதிகளாய் வந்த நமக்கு விளங்காததன்று.

இனி, நிறுத்தலுக்கு வருவோம். ஒளியின் தாமதம் கலத்திலுள்ள நீர் நீங்கலான பொருளின் அளவுக்கேற்பவே அமைகிறது என்பதை 1952இல் ஒக்ஸ்போட்டில் றொபேட் பாரரும், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் டேவிஸ், வில்கின்ஸ் என்போரும் காட்டினர். இந்த வில்கின்ஸ் பின்னாளில் டீ.என்.ஏ. ஆய்வுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தாமதத்தை அளந்தால் கலத்தின் உலர்நிறையை அறியலாம். அதாவது ஒளியையே தராசாக்கிக் கலத்தை நிறுக்கலாம்! ஒரு கிராமை இலட்சங் கோடி கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு பிக்கோகிராம். கலமொன்றின் உலர்நிறை சில நூறு பிக்கோகிராம் என்பதனை எண்ணிப்பாருங்கள்.

கணினியும் எண்முறைப் படப்பிடிப்பும் வந்தபின் இத்தராசு கூர்மையடைந்தது. அதில் நாம் வாழும் நாட்டிற்கும் பங்குண்டு. லொசான் கூட்டாட்சித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் கூஷ், டெப்பூர்சான்ஜ் முதலியோர் 1999இல் எண்முறை ஒளிப்பதிவிலிருந்து அவத்தையைக் கணித்தெடுக்கும் வழியை வெளியிட்டனர். 2013இல் அதே நிறுவனத்தார் கலத்தைப் பல கோணங்களிலிருந்து நோக்கி, சாயமின்றியே முப்பரிமாண உருவத்தைக் கட்டிக் காட்டினர். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திற் கபிரியேல் பொப்பெஸ்கு குழுவினர் 2011இல், எலும்புப் புற்றுநோயிலிருந்து பெற்ற கலங்களின் நிறை ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுவரை எவ்வாறு ஏறுகிறது என அளந்தனர். அதே காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஆய்வாளர் சிலர், மார்பகப் புற்றுநோய்க் கலம் மருந்துக்கு இணங்குகிறதா இல்லையா என்பதை, அது நிறை ஏறுகிறதா என்று சில மணி நேரம் நிறுத்துப் பார்ப்பதன்மூலம் அறியலாமெனக் காட்டினர். பாலூட்டும் குழந்தைக்குப் பால் போதுமா என்று அறிய மருத்துவமாது குழந்தையை நிறுப்பதில்லையா? அதுபோன்றதே, நோக்கம் மட்டும் நேர்மாறானது.

நிறை தெரியலாம், அந்நிறை கொழுப்பா புரதமா என்பது தெரியாதே என்போர்க்கு விடை சேர்னிக்கே பிறந்த அதே 1888ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஒருவரிடமிருந்து வந்தது. சந்திரசேகர வேங்கட இராமன், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு கல்கத்தாவில் நிகழ்த்திய ஆய்வில், 1928 பெப்ரவரி 28ஆந் திகதி கண்ட விளைவு இது: பொருளொன்றிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது, மாற்றத்தின் அளவு அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. கொழுப்பின் அதிர்வு வேறு, புரதத்தின் அதிர்வு வேறு. வீணையின் தந்தியையும் மிருதங்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டே நாம் பிரித்தறிவதுபோல், சாயமின்றியே பொருளை இனங்காணலாம். இடர் என்னவெனில், இவ்வொளி மிக அரிது. ஏறத்தாழக் கோடி ஒளித்துணிக்கைகளில் ஒன்றே இவ்வாறு மாறும். 2008இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் சன்னி சியே குழுவினர் இரு லேசர்க் கதிர்களை ஒன்றாகச் செலுத்தி அந்த அதிர்வைத் தூண்டிப் பெருக்கி, உயிருள்ள கலத்தின் கொழுப்புத் துளிகளை விரைவாகப் படமெடுத்தனர். 2014இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தார் இவ்வொளியினாலேயே, தீவிரமான முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய்க் கலங்கள் கொலஸ்ரரோலின் ஒரு வடிவத்தைத் துளித்துளியாகச் சேமித்து வைப்பதைக் கண்டனர். சேமிப்பைத் தடுத்தபோது அக்கலங்களின் பெருக்கமும் தளர்ந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சை நடக்கும் அறையிலேயே, வெட்டியெடுத்த இழையத்தைச் சாயமிடாமல் இம்முறையாற் படமெடுத்து, கணினியின் துணையோடு இரண்டரை நிமிடத்திற்குள் முடிவு கூறினர். 278 நோயாளரிடம் அதன் சரிநுட்பம் வல்லுநர்களின் வழமையான முறையை ஒத்திருந்தது. வெட்டியெடுத்த இழையம் தட்டில் வளரும் கலம் அன்று. என்றாலும் மெழுகுக்கும் சாயத்துக்குமான காத்திருப்பு அங்கே இல்லாமற் போயிற்று.

இவ்வளவும் படித்தபின், 'அப்படியானால் எனக்கு இதையே செய்யச் சொல்லலாமே' என்று எவரும் வைத்தியரிடம் வாதிட வேண்டாம். இம்முறைகளிற் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுகூடத்திற்குரியவை. அவத்தையைக் காணும் கருவிக்குத் தடித்த இழையம் ஒத்துவராது. ஒளி பலமுறை சிதறிக் குழம்பிவிடும். கலத்தைச் சுற்றி ஒரு பொய்யான ஒளிவட்டமும் தோன்றும். கலத்திலுள்ள ஆயிரக்கணக்கான புரதங்களில் 'இது இன்ன புரதம்' என்று பெயர்சொல்லக் காட்ட இம்முறைகளால் இயலாது. மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க அப்பெயர் வேண்டும், பெயருக்கு அடையாளம் வேண்டும். சாயமிடாத படத்தைப் பார்த்து, சாயமிட்டிருந்தால் எப்படித் தோன்றியிருக்கும் என்று கணினியைக் கொண்டு வரையச்செய்யும் முயற்சியையும் கூகிள் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். வியப்புக்குரியதே. ஆனால் கணினி வரைவது ஊகம், கண்டது அன்று. நோயாளியின் உயிர் தொங்கும் இடத்தில் இவ்விரண்டையும் பிரித்துவைப்பது அவசியம் என்பது நமது கருத்து.

வன்னியில் நாம் விஞ்ஞானம் கற்பித்த பாடசாலையில் மின்சாரம் இருக்கவில்லை. நுணுக்குக்காட்டியின் ஆடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி, வெங்காயத் தோலைப் பார்த்தோம். உங்கள் பாடசாலைகளில் நல்ல கருவிகள் உள்ளன. வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து நீர்த்துளியில் இட்டபின், அயடீன் துளி விடுமாறு ஆசிரியர் கூறுவார். சற்றுப் பொறுக்குமாறு கேளுங்கள். மேடைக்குக் கீழேயுள்ள துளையைச் சுருக்கி ஒளியைக் குறைத்து, அதியுயர்ந்த பெருப்பத்தில், கலத்தின் சுவரோரமாக இரண்டு நிமிடம் அமைதியாகப் பாருங்கள். மிக நுண்ணிய மணிகள் வரிசையாக நகர்ந்து செல்வது தெரியும். அது குழியவுருவின் ஓட்டம். அதனைக் கண்டபின் அயடீனை விடுங்கள். கரு மஞ்சளாகத் தெளிவாகத் தெரியும். மணிகள் நின்றுவிடும்.